பாப்பா ஒண்ணுக்குப் போகிற வரைக்கும்

தண்ணி குடுங்க, எளநி குடுங்க, எதையாச்சும் குடுத்துப் போக வைங்க என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள். போக வைங்களாம்! பேச்சு வராத பச்சைப் புள்ளையிடம் போய், கண்ணு, கொஞ்சம் ஒண்ணுக்குப் போயிரு சாமி என்று கும்பிட்டால் போய்விடுமா? மிதுனா அதுபாட்டுக்கு யமுனாவின் மடியில் உட்கார்ந்து, காலிடுக்கில் நர்ஸ் ஒட்டிவிட்டுப் போன பிளாஸ்டிக் பையைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்தால் அந்தப் பைக்குள் விழ வேண்டும், அதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். சொட்டு விழுந்தபாடில்லை. பக்கத்து நாற்காலியில் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு அடிவயிற்றில் ஏதோ கழன்று கொண்ட மாதிரி இருந்தது. அட கருமமே, வந்துருச்சு. வர வேண்டிய பேத்திக்கு வரவில்லை, வரக் கூடாத தாத்தாவுக்கு வந்துவிட்டது. வேட்டி நனையவில்லை. நனையாது. உள்ளே டயப்பர் இருக்கிறது. அதுவும் யாருடையது? இதோ இந்த மிதுனாவுடையதுதான், ஒட்டுகிற பட்டைகளைக் கிழித்து எறிந்துவிட்டு ஜட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டது. இதை எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையும் வேண்டாம் எளநியும் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். ஏனென்றால் முந்தாநாள் காலையில் யமுனா பார்த்துப் பதறினாளே ஒரு டயப்பரில் ரத்தம், அது குழந்தையுடையது இல்லை. சென்னியப்பனுடையது. வீட்டில் கிளம்பும்போதே சொல்லியிருக்கலாம், ஆட்டோவில் சொல்லியிருக்கலாம், டோக்கன் வாங்கும்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வந்தால்தானே.

அம்மிணி, ஒரு விசயம் என்று ஆரம்பிக்கலாம். சொல்லுங்க மாமா என்பாள். அப்புறம்? பாப்பாவோடத நான் எடுத்து... எடுத்து என்ன? போட்டுக்கிட்டேன் என்பதா, வெச்சுக்கிட்டேன் என்பதா? மருமகளிடம் சொல்லுகிற வார்த்தையா இது? கோயமுத்தூரிலிருந்து ஊட்டிக்கு பஸ் ஓட்டின மனுசன் அவர். கொண்டை ஊசி வளைவில் முன்னால் லாரி முக்கிக்கொண்டு போகும், பின்னால் ஜனம் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும், அடிவயிறு கல்லு மாதிரி இருக்கும், அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார். சென்னியண்ணனுக்கு ரெண்டு பிரேக்குப்பா என்று கண்டக்டர்கள் கேலி பேசுவார்கள். அவருக்கும் அதில் பெருமைதான். அப்பேர்ப்பட்ட பிரேக் ஐப்பசி மழையில் ஒரு நாள், பால் காய்ச்சிக்கொண்டு நிற்கும்போது, ஒரு தும்மலில் விட்டுவிட்டது. முதலில் மழைக் குளிர் என்று நினைத்தார். அப்புறம் வயசு என்று நினைத்தார். அப்புறம் நினைப்பதை நிறுத்திவிட்டார். பெரியவர்களுக்கு என்று தனியாக விற்கிறார்கள் என்பது தெரியாதா? தெரியும். ஆனால் கீழே மெடிக்கல் வைத்திருக்கிற வேலுமணி தினமும் காலையில் கூட நடக்க வருகிறவர், வாயில் ஒன்று நிற்காது. அந்தக் கடையில் போய் எப்படிக் கேட்பது? வேறு கடைக்குப் போய் வாங்கினாலும் அவ்வளவு பெரிய கட்டை எதில் மறைத்துக்கொண்டு மாடி ஏறுவது? அதுதான், பாப்பாவின் டயப்பர் கட்டு திறந்தே கிடந்தது, ஒன்றை எடுத்தார். ஒன்றுதானே என்று எடுத்தார். மனுசனுக்கு எப்போதும் ஒன்றுதானே என்றுதானே தோன்றுகிறது.

எடுத்ததைக்கூட விடு, கழட்டினதை எங்கே போடுவது என்பதுதான் பெரிய ரோதனையாக இருந்தது. அந்த வீட்டில் குப்பை விசயத்தில் யமுனா பொல்லாதவள். குப்பை எடுக்க வருகிற ராசாத்தி ஒரு நாள் பையை வெறும் கையால் கிளறிப் பிரிக்கும்போது உள்ளே கிடந்த அசிங்கம் கையில் பட்டு, அப்படியே மண்ணில் கையைத் தேய்த்ததை மாடியிலிருந்து யமுனா பார்த்துவிட்டாள். அது யமுனாவே போட்டதுதான். அன்றைக்கு முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சட்டம் வந்துவிட்டது. பாப்பாவின் டயப்பரோ அவளுடைய நாப்கினோ, எதுவாக இருந்தாலும் அழுக்கு உள்ளே போகிற மாதிரி சுருட்டி, நியூஸ் பேப்பரில் இறுக்கிச் சுற்றி, மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பொட்டு வைத்து, பின்பக்க பால்கனியில் மூடி போட்ட தனி வாளியில் போட வேண்டும். மலம் இருந்தால் முதலில் கக்கூஸில் தட்டிவிட வேண்டும், கக்கூஸில் டயப்பரைப் போட்டுத் தண்ணி ஊற்றுகிற வேலை வேண்டாம், எரிக்கிற வேலையும் வேண்டாம். பேனா பாத்ரூம் கதவுக்குப் பின்னால் நூலில் தொங்கும். பொட்டு வெச்ச பொட்டலத்தை ராசாத்தி பிரிக்கவே மாட்டா மாமா, அப்படியே தனியா எடுத்துக்குவா என்றாள். சென்னியப்பனுக்கு அந்தச் சட்டம் தோதாகப் போயிற்று. பொட்டு வைத்துவிட்டால் யாரும் பிரிக்க மாட்டார்கள்! அவரும் சுருட்டினார், சுற்றினார், பொட்டு வைத்தார், வாளியில் போட்டார். அவர் பொட்டலமும் பாப்பா பொட்டலமும் ஒன்றாகக் கிடந்தன. இவ்வளவு ஒழுங்காக யாரும் ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. திருட்டுத்தனத்திலும் சுத்தம்.

அந்தப் பாழாய்ப்போன பூனை மட்டும் வராமல் இருந்திருந்தால்! வாளி மூடியை யார் திறந்து வைத்தது? அவர்தானா? ராத்திரி போட்டுவிட்டு மூடினாரா இல்லையா? மூடின மாதிரியும் இருக்கிறது, மூடாத மாதிரியும் இருக்கிறது. காலையில் பால்கனி முழுக்கப் பேப்பர் கிழிந்து கிடந்தது, நடுவில் விரிந்து கிடந்த டயப்பரில் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக. ஐயோ மாமா, இங்க வாங்க என்று யமுனா போட்ட சத்தம் இன்னும் காதிலேயே நிற்கிறது. பாப்பாவுக்கு ஒண்ணுக்குல ரத்தம் போகுது மாமா, நான் ராத்திரி மாத்தறப்ப ஒண்ணுமே இல்லீங்களே, பகல்லதான் போகுதா, நீங்க பாக்கலீங்களா? அவள் வேலைக்குப் போகிற பகலெல்லாம் பாப்பாவுக்கு மாத்துகிறது அவர்தான். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது, கண்ணாடி போடாம மாத்தினேன் அம்மிணி, தெரியலயே. கண்ணாடி மூக்கு மேலேயே இருந்தது. அவளுக்கு இருந்த பதற்றத்தில் அதைப் பார்க்கவில்லை. அதோடு போயிற்றா? கட்டு சீக்கிரம் சீக்கிரம் காலியாகுதுங்களே, பகல்ல எத்தனை தடவை மாத்தறீங்க என்று அவள் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தாள். தான் எடுத்ததையும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டுமே, பாப்பா ரொம்பத்தான் போவுது அம்மிணி, மாத்தி மாளல என்று சொல்லி வைத்திருந்தார். அடிக்கடி போகிறது, ரத்தமும் போகிறது. இரண்டையும் சேர்த்து அவள் போனில் எதையெதையோ படித்தாள். குழந்தைக்குச் சக்கரையா இருக்குமோ, கிட்னியா இருக்குமோ என்று ராத்திரி பெங்களூரில் இருக்கிற புருசனிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். பக்கத்து அறையில் சென்னியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடப்பாவி மனுசா, அப்போதாவது எழுந்து போயிருக்கக் கூடாதா?

ஆனால் ஒன்று. அது தன்னுடையதுதான் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்வது? வாளிக்குள் எல்லாம் ஒரே பேப்பர், ஒரே பொட்டு. பூனை எதை இழுத்ததோ! ஒருவேளை நிஜமாகவே பாப்பாவுடையதாக இருந்து, இவர் பாட்டுக்கு என்னுடையது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது என்றால்? பார்த்துவிடுவதே நல்லது. பரிசோதனை பண்ணினால் பண்ணிவிட்டுப் போகட்டும், ஒண்ணுமில்லை என்று தெரிந்தால் யமுனாவுக்கும் நிம்மதி, தனக்கும் வாயைத் திறக்கிற வேலை இல்லை. இந்த யோசனை வந்ததும் நெஞ்சு லேசானது. லேசானதுமே சந்தேகம் வந்தது, நல்ல யோசனை என்றால் இப்படி மறைந்து மறைந்தா வரும்? பகலெல்லாம் பாப்பாவுக்கு மாத்தினது யார், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தது யார்? வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ரோஸ் நிறம் ஒரே ஒருத்தருக்குத்தான் வந்தது. ஆனாலும் பால்கனியில் வெளிச்சம் கம்மி. ஆனாலும் ரோஸ் என்பது ரத்தம்தானா? முந்தினநாள் பீட்ரூட் பொரியல் வைத்தாளே, அதுவாக இருக்கலாம் இல்லையா? பீட்ரூட் எல்லாரும்தான் சாப்பிட்டார்கள். இல்லை, அது அதற்கு முந்தின வாரமா?

என்னங்க, வந்துச்சுங்களா? நர்ஸ் மறுபடியும் தலையை நீட்டினாள். இல்லீங்க என்றாள் யமுனா, தப்புப் பண்ணினவள் மாதிரி. வரலீன்னா டியூப் விட்டுத்தான் எடுக்கணும், டாக்டர் சொல்லிட்டார், அதுக்குள்ள சக்கரைக்கு ரத்தம் எடுத்துடறோம், டோக்கன் கூப்பிட்டதும் உள்ள வாங்க. டியூப் என்றால் என்ன என்று சென்னியப்பனுக்குத் தெரியும். குருசாமிக்கு விட்டிருந்தார்கள். அவருடைய வண்டியில் எத்தனையோ வருசம் கண்டக்டராக ஓடினவன், ஒண்ணுக்குல ரத்தமா வருதுண்ணே என்று ஒரு நாள் டிப்போவில் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போனான். அதோடு டிப்போவுக்கு வரவே இல்லை. பார்க்கப் போனபோது கட்டிலுக்குக் கீழே பை தொங்கிக்கொண்டிருந்தது, அதில் இதே ரோஸ் நிறம். அண்ணே, வண்டி கெளம்ப விசில் குடுத்துட்டாங்க என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகாமலே இருந்திருந்தால் உசுரோடு இருந்திருப்பானோ என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. டாக்டரிடம் சொல்லாத வரைக்கும் அது நோய் இல்லை, வெறும் ஈரம். பொட்டலம் கட்டி, பொட்டு வைத்து, வாளியில் போட்டுவிட்டால் தீர்ந்தது. சரி, சொன்னால்தான் என்ன, வெட்கமா? வெட்கம்தான். வெட்கம் மட்டும்தானா? பயம் ஐயா, பயம். சொல்லிவிட்டால் நாளைக்கு அந்தக் கட்டிலில் இவர். யமுனா வேலைக்குப் போக வேண்டும், மூத்திரம் ஒழுகுகிற கிழவனிடம் யார் குழந்தையை விடுவார்கள்? பாப்பா காப்பகத்துக்குப் போய்விடும். மத்தியானம் வெயில் ஜன்னலில் விழும்போது அவர் நெஞ்சின் மேலே எச்சில் ஒழுகத் தூங்குமே, அது இருக்காது. வீடு கம்மென்று கிடக்கும்.

மிதுனா கையை நீட்டியது, அவருடைய சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் கூட்டைப் பிடித்து இழுத்தது. சிரித்தது. என்ன தெரியும் அதற்கு? கொஞ்ச நேரத்தில் ஊசி குத்தப் போகிறார்கள். குத்தட்டும், ஊசி ஊருக்கெல்லாம் குத்துவதுதானே. டியூப்? அய்யய்யோ. மாமா, உங்களுக்கு என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்குது, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க என்றாள் யமுனா. அவளே அழுது வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள், அவள் இவரைப் பார்க்கிறாள்! வேண்டாம் அம்மிணி, பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன் என்று எழுந்தார். எழுந்ததும் உள்ளே கனம் இறங்கியது. நேராக நடக்க வேண்டும். நேராக நடக்க வேண்டும் என்று நினைத்தாலே நடை கோணுகிறது.

பாத்ரூமில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. ஒரு காலால் கதவை அழுத்திக்கொண்டு கழட்டினார். சட்டைக்குள் மடித்து வைத்திருந்த நேற்றைய பேப்பரை எடுத்துத் தண்ணீர்த் தொட்டி மேலே விரித்தார். எங்கே போனாலும் ஒரு பேப்பர் வைத்திருப்பது வழக்கமாகிவிட்டது, முன்னெல்லாம் கர்சீப் வைத்திருந்த மாதிரி. பார்க்காமலே சுருட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். கை சுருட்டப் போயிற்று. நின்றது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரோஸ் இல்லை. சிவப்பு. பீட்ரூட்டும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, நல்ல சிவப்பு. இதற்கு மேலே எந்தச் சந்தேகத்தைக் கொண்டு வந்து எங்கே வைப்பது? அப்போது, சம்பந்தமே இல்லாமல், பாவாத்தாள் ஞாபகம் வந்தது. அவருடைய பெண்டாட்டி. கல்யாணம் ஆனதிலிருந்து சாகிற வரைக்கும் ஒரே வீடு, ஒரே பாத்ரூம், ஒரே கொடி. ஒரு தடவையாவது அவளுடைய அந்தத் துணி இவர் கண்ணில் பட்டதுண்டா? எங்கே துவைத்தாள், எங்கே காயப்போட்டாள்? சேலைக்கு அடியில் காயப்போட்டிருப்பாளோ, வெயில் படாமல், ஈரத்தோடே மறுபடியும்? கடைசியில் அவளுக்குக் கர்ப்பப்பையில் சீக்கு என்று தெரிந்தபோதும் முற்றின பிறகுதான் தெரிந்தது. ஏன் புள்ள முன்னாலயே சொல்லல என்று இவர் கோபப்பட்டார். கோபப்பட்டாரே! ஆஸ்பத்திரியில் வைத்து, நாலு பேர் முன்னால், வாயில என்ன கொழுக்கட்டையா என்று கத்தினார். அவள் போர்வையை இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டாள். சென்னியப்பன் பேப்பரைச் சுற்றினார். மூலையில் மூடி இல்லாத ஒரு கூடை இருந்தது, வழிந்து கிடந்தது. அதில் போட்டால் அள்ளுகிறவள் கையில்தான் படும். பேனாவும் இல்லை. பொட்டு வைக்காமல் எப்படிப் போடுவது? வழக்கம்போல பாப்பாவுக்கென்று யமுனா தூக்கிவருகிற துணிப்பைக்குள் செருகிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். புதிது ஒன்றும் அந்தப் பையில்தான் இருக்கிறது, எடுக்காமல் வந்துவிட்டார், டயப்பர் இல்லாமல் உள்ளே வெறும் ஜட்டியோடு போக வேண்டும். என்ன செய்வது என்று புரியாமல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, கதவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், மிதுனா வீறிட்டது.

எப்படி வெளியே வந்தார், எந்தக் கதவைத் தள்ளினார் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகமில்லை. உள்ளே மேஜை மேலே குழந்தையைப் படுக்க வைத்து, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டை கட்டியிருந்தார்கள். ஒரு நர்ஸ் கையைப் பிடித்திருந்தாள், இன்னொருத்தி நரம்பைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருந்தாள். யமுனா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். நிறுத்துங்க என்றார். யார் காதிலும் விழவில்லை. நிறுத்துங்க சாமி என்று, மலைப்பாதையில் முன்னால் போகிறவனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார். எல்லாரும் திரும்பினார்கள். பெரியவரே, வெளிய இருங்க என்றாள் நர்ஸ். பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. என்னங்க மாமா சொல்றீங்க? ஒண்ணுமில்லங்கறேன். எப்படிங்க சொல்றீங்க? சொல்ல ஆயிரம் வார்த்தை யோசித்து வைத்தாரே, ஒன்றாவது வரட்டுமே. வரவில்லை. கையிலிருந்த பொட்டலத்தை மேஜை ஓரத்தில் வைத்துப் பிரித்தார். இந்தா பாரு, கண்ணாடி போட்டுத்தான் பாத்தேன். அன்னிக்கும் போட்டுத்தான் இருந்தேன். இது என்னுது. பூனை கிழிச்சதும் என்னுதுதான். பாப்பாவோடத எடுத்து நான்தான்... அதற்கு மேலே சொல்ல முடியாமல் வேட்டி மேலே கையை வைத்துக் காட்டினார்.

யமுனா டயப்பரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் டயப்பரைப் பார்த்தாள். சீ என்று ஒரு சொல் வரும் என்று சென்னியப்பன் காத்திருந்தார். ஏன் எடுத்தீங்க என்று கேட்பாள், அதற்குப் பதில் இருந்தது. ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்பாள், அதற்கும் ஏதோ ஒரு பதில் இருந்தது. என் புள்ளைக்கு ஊசி குத்தற வரைக்கும் எப்படி மாமா உட்கார்ந்திருந்தீங்க என்று கேட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தார். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. எத்தனை நாளாங்க மாமா இப்படி ரத்தம் போகுது என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை அவர் நினைக்கவே இல்லை. எத்தனை நாள்? மழை பெய்துகொண்டிருந்தது, பால் பொங்கியது. அது ஈரம். ரத்தம் எப்போது? தீபாவளிக்கு முன்னாலா, பின்னாலா? யாரும் கேட்காததால் அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியல அம்மிணி என்றார். எனக்குப் பயமா இருக்குது அம்மிணி. நர்ஸ் குழந்தையின் கையிலிருந்து ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். யமுனா மிதுனாவைத் தூக்கி, இந்தாங்க பிடிங்க என்று அவரிடமே கொடுத்துவிட்டு, மேஜை மேலே கிடந்ததைச் சுருட்டினாள், அழுக்கு உள்ளே போகிற மாதிரி. பேப்பரை இறுக்கிச் சுற்றினாள். துணிப்பைக்குள் துழாவி, அதிலும் போட்டு வைத்திருந்த ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துப் பொட்டு வைத்தாள். பொட்டு இழுத்துக்கொண்டு போயிற்று. பொட்டு வெக்காமக் கையில எடுத்துட்டு வரக் கூடாதுன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றதுங்க மாமா என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, நர்ஸிடம் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்து, இவங்கள எந்த டாக்டர்கிட்டங்க காட்டணும் என்று கேட்டாள்.

சென்னியப்பன் சுவரோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மிதுனா விக்கிக்கொண்டே அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்தது. ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பை எப்போதோ கழன்று கீழே விழுந்து கிடந்தது. பேரு சொல்லுங்க, வயசு சொல்லுங்க என்று யாரோ கேட்டார்கள், யமுனாதான் சொன்னாள். அவர் மடியில் சூடாக ஏதோ பரவியது, தொடை வழியாக இறங்கியது, வேட்டி நனைந்தது. அது தன்னுடையதா பாப்பாவுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. தொடையை இறுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.